ஆறு வகைக் கோப்பு, ஒரே ஆடியோ சிடி

டிவிஎஃப், 3ஜிபி, ஆர்எம், ஓபஸ், ஏபிஇ, அப்புறம் எந்த சிடி ரைட்டிங் மென்பொருளும் ஏற்க மறுத்த ஒரு வேவ். நியூஜெர்சியிலிருந்து அத்தான் அனுப்பிய ஃபோல்டரில் இருந்தவை இவைதான். எல்லாவற்றிலும் இருப்பது ஒரே குரல், காலமான என் மாமாவின் குரல். பஜனைக் கோஷ்டியில் பல வருஷம் பாடியவர். யார் யாரோ, எந்தெந்தக் கருவியிலோ பதிவு செய்ததை அத்தான் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருந்தார்.

கேட்டது அத்தை. திருச்சியில் இருக்கிறார், பார்வை ரொம்பவே மங்கிவிட்டது. "போனைத் தடவித் தடவி ஒண்ணும் வரமாட்டேங்குதுடா. அந்தப் பழைய சிடி பிளேயர்ல போடுற மாதிரி பண்ணிக் குடு" என்றார். அந்த பிளேயரில் பிளே எது, அடுத்த பாட்டு எது என்பது அவர் விரலுக்குத் தெரியும். ஆனால் அது எம்பி3 படிக்காத காலத்து பிளேயர். எனவே நிஜமான ஆடியோ சிடியே வேண்டும்.

இந்த "நிஜமான" என்பதில்தான் பாதிப் பேர் தடுக்கி விழுகிறார்கள். பாட்டுக் கோப்புகளை சிடிக்குள் இழுத்துப் போட்டு ரைட் செய்தால் கிடைப்பது டேட்டா சிடி. கம்ப்யூட்டரில் பாடும், பழைய பிளேயரில் வைத்தால் "நோ டிஸ்க்" என்று காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். ஆடியோ சிடியில் கோப்பு என்ற சங்கதியே கிடையாது. பிலிப்ஸும் சோனியும் 1980-ல் வகுத்த ரெட் புக் என்ற தரப்படி, அதில் இருப்பது வெறும் ஒலி எண்கள்: வினாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியை அளந்தெடுத்த மாதிரி), ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல். அந்த 44,100 என்ற விசித்திர எண், அந்தக் காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில் பதிந்ததால் வந்தது. வீடியோ படத்தின் வரிக்கு 3 சாம்பிள், 245 வரி, வினாடிக்கு 60 ஃபீல்டு (அரைப் படம்). பெருக்கிப் பார்த்தால் சரியாக வரும்.

தட்டில் ஒரு வினாடி 75 துண்டுகளாகப் பிரிந்திருக்கும். ஒரு துண்டில் 588 சாம்பிள். இந்த 588-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதிகபட்சம் 99 பாட்டு, ஒவ்வொன்றும் குறைந்தது 4 வினாடி, மொத்தம் 80 நிமிஷம். மற்றபடி கட்டுப்பாடு அதிகமில்லை.

வேலையில் முதல் படி, கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை நம்பாமல் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பை இழுத்துப் போட்டால் கோடெக் (ஒலியைச் சுருக்கி விரிக்கும் முறை), சாம்பிள் ரேட், சேனல் எண்ணிக்கை எல்லாம் சொல்லிவிடும். அதுவும் கைவிரித்தால் நோட்பேடில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். பெரும்பாலும் குப்பையாகத்தான் தெரியும், ஆனால் தலைப்பகுதி பேசும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஆர்-ஐ-எஃப்-எஃப் என்றிருந்தால் வேவ் குடும்பம். ஓ-ஜி-ஜி-எஸ் என்றிருந்தால் ஆக் உறை, அதாவது சுருக்கிய ஒலியை உள்ளே வைத்திருக்கும் கோப்பு வகை. புள்ளி வைத்து ஆர்-எம்-எஃப் என்றிருந்தால் ரியல்மீடியா. எம்-ஏ-சி என்று தொடங்கினால் மங்கிஸ் ஆடியோ, அதாவது ஏபிஇ. பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேமித்தால் கோப்பு போச்சு.

இப்படிப் பார்த்ததில்தான் அந்த அடம் பிடித்த வேவ் மாட்டியது. அத்தான் ஆபீஸ் போனின் வாய்ஸ்மெயிலில் மாமா விட்டுவைத்த சேதி அது. பேத்தியின் பிறந்த நாளுக்கு நாலு வரி பாடியிருக்கிறார். சிடி தரத்தில் இருக்கும் வேவ் என்றால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். இது ஒரு நிமிஷத்துக்கும் மேல் ஓடுகிறது, அளவோ ஏறத்தாழ 100 கேபி. வேவ் என்பது உறைதான். உள்ளே எதையும் வைக்கலாம். இதற்குள் இருந்தது ஜிஎஸ்எம் 6.10, அதாவது பழைய செல்போன் குரல் கோடெக், வினாடிக்கு 8,000 சாம்பிள், ஒற்றைச் சேனல். வாய்ஸ்மெயில், கால் சென்டர் பதிவுகள் பல இப்படித்தான் வரும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து 16 பிட் பிசிஎம் (சுருக்காத) வேவாக ஏற்றுமதி செய்ததும் மறுப்பேதும் இல்லாமல் வந்துவிட்டது.

3ஜிபி கோப்புகள் மாமாவின் நோக்கியா போனில் பதிந்தவை. உள்ளே ஏஎம்ஆர். ஆடாசிட்டி இதைத் தானாகத் திறக்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவ மாற்ற மென்பொருள் நூலகத்தைத் தனியாக நிறுவி அதன் இடத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டும். ஒரு தடவை செய்துவிட்டால் எம்4ஏ, டபிள்யூஎம்ஏ, ஏஎம்ஆர் எல்லாம் சாதாரணமாகத் திறக்கும். வாட்ஸ்அப் குரல் சேதிகளும் அப்படியே. அவை ஆக் உறைக்குள் இருக்கும் ஓபஸ். சில மென்பொருள்கள் ஓபஸ் என்ற பின்னொட்டைப் பார்த்ததும் முழிக்கும். அதை ஆக் என்று பெயர் மாற்றிக் கொடுத்தால் பல நேரம் வாங்கிக்கொள்ளும்.

ஏஎம்ஆர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அத்தான் கேட்டார்: "இவ்வளவு பெரிய வேவா மாத்தியிருக்கியே, அப்ப குரல் தெளிவாயிடுமா?" ஆகாது. வினாடிக்கு 8,000 சாம்பிளில் பதிந்ததில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இல்லை. 44,100-க்கு ஏற்றினாலும் இல்லாதது வராது. இருப்பதை வேறு கட்டத்தில் எழுதுகிறோம், அவ்வளவுதான். ஸகரம், சகரம் மழுங்கிக் கேட்பது இதனால்தான். அதோடு ஏஎம்ஆர் மனிதப் பேச்சுக்கென்றே வடிவமைத்த கோடெக். தொண்டையும் வாயும் எப்படி ஒலியை உண்டாக்குகின்றன என்ற கணக்கை வைத்து 20 மில்லிவினாடிக்கு ஒரு முறை குரலைச் சுருக்குகிறது. ஒருவர் தனியாகப் பேசினால் சமாளிக்கும். பஜனையில் ஜால்ரா விழும் இடமெல்லாம் கணக்கு குழம்பி, உலோக நாதம் போய்க் கரகரவென்று ஒரு இரைச்சல் மட்டும் மிஞ்சும். ஹார்மோனியமும் நெளியும். மாமாவின் 3ஜிபி பதிவுகளில் ஜால்ரா இல்லாமல் வீட்டுத் திண்ணையில் தனியாகப் பாடியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவற்றைச் சிடியில் சேர்க்கவில்லை. அத்தானுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை, கேட்கப்போவது அத்தை.

இரைச்சலை நீக்கும் வசதியைக் கண்டதும் கை பரபரக்கும். இது போன்ற சுருக்கிய பதிவுகளில் அதை முழு வீச்சில் ஓட்டினால் பாடுபவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல ஆகிவிடும். நான் செய்தது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருந்த ஃபேன் இரைச்சலையும் மைக் உரசலையும் மட்டும் வெட்டியது. பழகின காது மிச்ச இரைச்சலை நாலைந்து வினாடியில் மறந்துவிடும்.

ஆர்எம் கோப்புகள் 2000-களின் தொடக்கத்தைச் சேர்ந்தவை. 1995-ல் வந்த ரியல்ஆடியோ, டயல்-அப் மோடத்திலும் பாட்டுக் கேட்க வழி செய்தது. வெளிநாட்டில் இருந்த நம்மவர்கள் கோயில் விழாப் பதிவுகளை ரொம்ப நாள் இந்த வடிவில்தான் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். இப்போது ரியல்பிளேயரைத் தேடி அலைய வேண்டாம். விஎல்சி என்ற இலவச பிளேயர் பெரும்பாலானவற்றைப் பாடும். எஃப்எஃப்எம்பெக் நேராக வேவாக மாற்றும். எங்களுடையது 22,050 சாம்பிள், ஒற்றைச் சேனல். தரம் சுமார்தான், ஆனால் ஏஎம்ஆரோடு ஒப்பிட்டால் ராஜா.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஃபோல்டரில் ஆர்ஏஎம் என்ற பின்னொட்டில் சில கோப்புகளும் இருந்தன. அத்தான் அவற்றைத்தான் பொக்கிஷமாக நினைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு கேபிகூட இல்லை. நோட்பேடில் திறந்தால் ஒரே ஒரு வரி, ஏதோ ஒரு சர்வரின் முகவரி. ஆர்ஏஎம் பாட்டு அல்ல, பாட்டு இருக்கும் இடத்தைச் சொல்லும் சீட்டு. அந்த சர்வர் எப்போதோ போய்விட்டது. உங்களிடம் இப்படி ஏதாவது இருந்தால் அளவை முதலில் பாருங்கள். ஒரு கேபிகூட இல்லையென்றால் அதற்குள் பாட்டு இருக்க வழியில்லை.

நாள் கணக்கில் என்னை உட்கார வைத்தது டிவிஎஃப்தான். சோனியின் பழைய ஐசிடி வரிசைக் குரல் பதிவுக் கருவிகள் இந்த வடிவில் சேமிக்கும். உள்ளே இருப்பது எல்பெக் என்ற சோனியின் சொந்தக் கோடெக். எஃப்எஃப்எம்பெக்குக்கு அது புரியாது, விஎல்சிக்கும் புரியாது. இணையத்தில் "டிவிஎஃப் மாற்றி" என்று தேடினால் வரிசையாக வரும் தளங்களில் பாதி விளம்பரம், மீதி வைரஸ். அதில் ஏதாவது ஒன்று வேலை செய்தாலும் செத்தவர் குரலை முகம் தெரியாத சர்வரில் ஏற்ற எனக்கு மனசு வராது. அதுவும் போக, அந்தத் தளங்கள் பெரும்பாலும் எம்பி3 ஆக்கித் தரும். ஏற்கெனவே ஒரு முறை சுருங்கியதை இன்னொரு முறை சுருக்கி, பிறகு சிடிக்காக விரிப்பது வீண் நஷ்டம்.

கருவியோடு வந்த மென்பொருள்தான் வழி. அதன் பெயர் டிஜிட்டல் வாய்ஸ் எடிட்டர். புது விண்டோஸில் அது ஏறுவதாக இல்லை. பரணில் கிடந்த எக்ஸ்பி லேப்டாப்பை இறக்கி, அதில் நிறுவி, கோப்புகளைத் திறந்து வேவாகச் சேமித்தேன். பழைய லேப்டாப்பைப் பழைய இரும்புக் கடைக்குப் போடும் முன் யோசியுங்கள் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு நாள் மரியாதை கிடைத்தது.

சில கோப்புகள் சேமிக்கும்போது பாதியில் நின்றன, ஆனால் பாடும்போது முழுதும் பாடின. அப்படிப்பட்டதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது: ஒரு பக்கம் பாடவிட்டு, இன்னொரு பக்கம் பதிவு செய்வது. மைக்கை ஸ்பீக்கர் முன்னால் வைப்பதைச் சொல்லவில்லை. புதிய விண்டோஸில் ஆடாசிட்டியின் ஒலி அமைப்பில் வாசாபி என்பதைத் தேர்ந்தெடுத்து, பதிவுக் கருவியாக ஸ்பீக்கரின் லூப்பேக்கை வைத்தால், கம்ப்யூட்டர் பாடுவதை உள்ளுக்குள்ளேயே டிஜிட்டலாகப் பிடித்துவிடலாம். எக்ஸ்பியில் அந்த வசதி கிடையாது. அதனால் லேப்டாப்பின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளை இன்னொரு கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்குக் கொடுத்துப் பதிந்தேன். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் மெயில் சத்தம், அறிவிப்புச் சத்தம் எல்லாவற்றையும் அணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாமா ஆலாபனைக்கு நடுவே 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும்.

ஏபிஇ கோப்பு மட்டும் தரத்தில் தனி ரகம். ஒரு விழாவில் ஒலி அமைப்பாளர் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது: 48,000 சாம்பிள், 24 பிட், ஸ்டீரியோ. ஏபிஇ எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம் என்பதால் விரித்தால் அசல் அப்படியே கிடைக்கும். ஒரு மணி நேர பஜனை முழுதும் ஒரே கோப்பு. பாட்டு எங்கே தொடங்குகிறது என்பதைச் சொல்ல கூடவே ஒரு க்யூ கோப்பு. அந்த க்யூ வேலை செய்யவில்லை. திறந்து பார்த்தால் அதற்குள் வேவ் என்று முடியும் ஒரு கோப்பின் பெயர் எழுதியிருந்தது; ஃபோல்டரில் இருப்பதோ ஏபிஇ. க்யூ என்பது சாதாரண உரைக் கோப்புதான். அந்த வரியைத் திருத்தியதும் சரியாகிவிட்டது.

அடுத்த வேலையில் வரிசை முக்கியம். 48,000-ஐ 44,100-க்கு இறக்க வேண்டும், 24 பிட்டை 16 ஆக்க வேண்டும், பாட்டுப் பாட்டாகவும் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக இறக்கினால், ஒட்டும் இடங்களில் 'டிக்' என்று கேட்கும். பஜனையில் ஒரு நாமாவளி முடிந்து அடுத்தது தொடங்கும் நடுவிலும் சுருதியும் தம்பூராவும் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா, அங்கே அந்த 'டிக்' பளிச்சென்று தெரியும். ஆகவே முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் 44,100-க்கு மாற்றிக்கொண்டு, அதன் பிறகு வெட்டினேன்.

இங்கேதான் 588 வருகிறது. பாட்டின் நீளம் 588-ன் மடங்காக இல்லையென்றால், மிச்ச இடத்தை ரைட்டிங் மென்பொருள் மௌனத்தால் நிரப்பும். வினாடியில் 75-ல் ஒரு பங்குகூட இல்லாத மௌனம்தான், ஆனால் தம்பூரா நடுவே காது கண்டுபிடித்துவிடும். இதற்கு ஆடாசிட்டியில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது. கீழே நேரம் காட்டும் பெட்டியில் சிடிடிஏ ஃப்ரேம் என்பதைத் தேர்ந்தெடுத்து, நேரத்தோடு ஒட்டி நிற்கும் ஸ்னாப் வசதியைப் போட்டுவிட்டால், எங்கே வெட்டினாலும் அந்த 75-ல் ஒரு பங்கு எல்லையிலேயே வெட்டும். தனித்தனிப் பாட்டுகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம்.

24 பிட்டை 16 ஆக்கும்போது டிதர் என்ற வசதியை அணைக்காதீர்கள். கடைசிப் பிட்டுகளைச் சும்மா வெட்டி எறிந்தால் மெல்லிய ஒலிகள் கரடுமுரடாகும். டிதர் காதுக்குத் தெரியாத அளவு சிறு இரைச்சலைச் சேர்த்து அதை மறைக்கும். ஆடாசிட்டி ஏற்றுமதியின்போது தானே செய்துவிடுகிறது. இதைக் கடைசியில், ஒரே ஒரு தடவை செய்தால் போதும். நடு வேலையெல்லாம் 32 பிட் ஃப்ளோட் என்ற நுணுக்கமான வடிவில் நடக்கட்டும்.

ஒற்றைச் சேனல் பதிவுகளை இரண்டு சேனல் ஆக்க மறக்கக் கூடாது. நல்ல ரைட்டிங் மென்பொருள் அதையே செய்துவிடும் என்றாலும் நான் நம்புவதில்லை. இடது பக்கம் மட்டும் குரல் கேட்டால் அத்தை ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுவிடுவார்.

ஒலி அளவைச் சமன் செய்தது வடிவ மாற்றத்தைவிட நேரம் எடுத்தது. சோனி பதிவுகள் முணுமுணுப்பு, நோக்கியா பதிவுகள் கத்தல், மிக்ஸர் பதிவு நடுவாந்திரம். எல்லாவற்றின் உச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு ஜால்ரா அடி உச்சத்தைத் தொட்டால் அந்தப் பாட்டு முழுதும் தாழ்ந்தே இருக்கும். ஆடாசிட்டியில் லவுட்னஸ் நார்மலைசேஷன் என்று ஒன்று இருக்கிறது. காது உணரும் அளவைக் கணக்கிட்டுச் சமன் செய்யும். எல்லாப் பாட்டையும் மைனஸ் 18 லஃப்ஸில் (அந்த அளவின் அலகு) வைத்தேன். உச்சம் பூஜ்யத்தைத் தொடாமல் மைனஸ் 1 டெசிபெலுக்குள் நிற்கிறதா என்று ஒரு பார்வை. பார்வை தெரியாதவர் ஒவ்வொரு பாட்டுக்கும் வால்யூம் திருகிக்கொண்டிருக்க முடியாது.

பாட்டு வரிசையையும் அவரை வைத்தே முடிவு செய்தேன். திரையில் பெயர் வரும் சிடி டெக்ஸ்ட் அத்தைக்குப் பிரயோஜனமில்லை. அவருக்குப் பிடித்த ஐந்தாறு முதலில். அடுத்த பொத்தானை நாலு தடவை அழுத்தினால் எது வரும் என்று மனப்பாடம் ஆகிவிடும். தொடர் பஜனை அதற்குப் பின்னால். வாய்ஸ்மெயில் கடைசியில்.

இப்போது நல்ல சிடி-ஆர் கிடைப்பதே பாடு. இங்கே சிடி தயாரித்துவந்த மோசர் பேர் கம்பெனி 2018-ல் கலைப்புக்குப் போனதோடு கடைக்குக் கடை கிடைத்த அந்தக் காலம் போயிற்று. கடையில் தூசி படிந்து கிடக்கும் பழைய உறையை வாங்கும் முன் தட்டின் மேல்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் தெரிந்தால் வேண்டாம். மாற்றி எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ இதற்கு ஆகாது. அதன் பிரதிபலிப்பு குறைவு, பழைய பிளேயரின் கண்ணுக்கு எட்டாது.

ரைட் செய்யும்போது மென்பொருளில் ஆடியோ சிடி என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடர் பதிவு இருந்தால் டிஸ்க்-அட்-ஒன்ஸ் முறை, அதாவது முழுத் தட்டையும் ஒரே மூச்சில் எழுதுவது. பாட்டுப் பாட்டாக எழுதும் ட்ராக்-அட்-ஒன்ஸ் வைத்தால் பாட்டுகளுக்கு நடுவே 2 வினாடி இடைவெளி விழும், தம்பூரா அறுந்து அறுந்து வரும். விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி இரண்டும் இதை ஒழுங்காகச் செய்கின்றன. வேகத்தை 52-ல் விடாமல் 16-ல் வைத்தேன். முடித்ததும் ஃபைனலைஸ் ஆக வேண்டும் (தட்டை இனி எழுத முடியாதபடி மூடுவது), இல்லாவிட்டால் வேறு எந்த பிளேயரும் படிக்காது. 80 நிமிஷப் பாட்டு வேவாகச் சுமார் 850 எம்பி வருகிறதே, 700 எம்பி தட்டில் எப்படிக் கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். டேட்டா சிடியில் பிழை திருத்தத்துக்கென்று கூடுதல் இடம் ஒதுக்குவார்கள், ஆடியோவில் அந்த இடத்திலும் ஒலியே போகிறது. கணக்கு நிமிஷத்தில்தான், எம்பியில் இல்லை.

தட்டின் மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். சிடியில் தரவு இருக்கும் பளபளப்புப் படலம் மேல்பக்கத்து வார்னிஷுக்கு நேர் கீழே இருக்கிறது. அடிப்பக்கக் கீறலைவிட மேல்பக்கக் கீறலே ஆபத்து. நடுவட்டத்தில் சிடி மார்க்கரால் எண் மட்டும் எழுதினேன். அத்தைக்காக உறையின் மூலையில் ஒரு துண்டு டேப், தடவிப் பார்த்தால் இது அந்த சிடி என்று தெரியட்டும் என்று.

கம்ப்யூட்டரில் பாடுகிறது என்பதை வைத்துச் சிடியைக் கொடுத்துவிடக் கூடாது. வீட்டில் இருந்த இன்னொரு பழைய பிளேயரில் முதல் பாட்டு, நடுப் பாட்டு, கடைசிப் பாட்டு மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். தட்டின் வெளி ஓரத்தில்தான் கோளாறு முதலில் தலைகாட்டும், அதனால் கடைசிப் பாட்டை முழுதாகக் கேட்டேன். இரண்டு வெவ்வேறு கம்பெனித் தட்டில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை அத்தை கையில், மற்றதை பீரோவில் வைத்தாயிற்று. அசல் கோப்புகளை அழிக்கவில்லை. சமன் செய்யாத வேவ்களை, எதையும் இழக்காத இன்னொரு வடிவமான ஃப்ளாக்காகச் சுருக்கி அவற்றோடு சேர்த்து அத்தானுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க், எனக்கு ஒன்று. எக்ஸ்பி லேப்டாப் மறுபடி பரணுக்குப் போகவில்லை. டிவிஎஃப் வைத்துக்கொண்டு முழிக்கும் இன்னும் இரண்டு உறவினர்கள் வரிசையில் இருக்கிறார்கள்.